குரைக்காத நாயின் கடைவாய்ப் பல்

நாய் வளர்க்கிறவர்கள் உண்டு, நாய் விற்கிறவர்கள் உண்டு. செத்துப் பல நூறு வருடம் ஆன நாயின் பல்லைத் துளைத்து மாதச் சம்பளம் வாங்குகிற கூட்டம் மட்டும் ரொம்பச் சிறியது, அதில் நானும் ஒருத்தி.

என் பெயர் அருள்மேரி. ஜொகூரில், தெப்ராவ் தொழிற்பேட்டையில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் பழைய எலும்புகளை அனுப்புவார்கள். அதில் மிச்சம் மீதி இருக்கும் டிஎன்ஏவைப் பிரித்து, இது எந்தக் கூட்டத்து உயிர், யாருக்குச் சொந்தம் என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. மாடு வரும், பன்றி வரும், கோழி வரும். ஆனால் எங்கள் முதலாளி டாக்டர் யோங்குக்கு உயிர் நாய்தான், அதிலும் பசிபிக் தீவுகளின் பழைய நாய்கள்.

இதற்கு முன் நான் செனாயில் ஒரு கணினிச் சிப் தொழிற்சாலையில், தூசி புகாத அறையில் வேலை பார்த்தேன். கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடைக்குள் நாள் முழுக்க நிற்கப் பழகியவள் என்பதால்தான் இந்த வேலையே கிடைத்தது. அந்த மாதிரி உடைக்குள் மூக்கு அரித்தும் சொறிய வழியில்லாமல் நின்றவர்கள், என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பவர்கள், எல்லாரும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

பெக்கான் நானாஸ் கல்யாணம்

கணவர் வழி உறவில் ஒரு கல்யாணம், பெக்கான் நானாஸில். பந்தியில் எனக்குப் பக்கத்தில் பவுலின் அத்தை. என்ன வேலை என்று கேட்டார். டிஎன்ஏ பார்க்கிற இடத்தில் என்றேன். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரு வீட்டுப் பிள்ளைக்கு?" என்றார். அவரைப் பொறுத்தவரை டிஎன்ஏ என்றால் டிவி நாடகத்தில் அப்பன் யார் என்று கண்டுபிடிக்கிற சமாச்சாரம்.

பிள்ளைக்கு இல்லை அத்தை, நாய்க்கு என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பாலினேசியா என்று ஒரு பெரிய கடல் வட்டாரம், ஹவாயிலிருந்து நியூசிலாந்து வரை தீவு தீவாகச் சிதறிக் கிடக்கிறது; அங்கே முதலில் குடியேறினவர்கள் இரட்டைத் தோணியில் பாய் கட்டி வந்தவர்கள்; வரும்போது பன்றி, கோழி, நாய் என்று கையோடு கொண்டு வந்தார்கள்; ஆனால் எல்லாத் தீவுக்கும் எல்லாம் போய்ச் சேரவில்லை; சில தீவில் நாய் நிலைத்தது, சில தீவில் வந்த சுவடே இல்லை, சில தீவில் இருந்து அப்புறம் இல்லாமல் போனது, ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை என்றேன். அந்த நாய்களின் தாய்வழியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் நம்ம தென்கிழக்காசியப் பக்கம் வந்து நிற்கிறது அத்தை, நினைத்துப் பாருங்கள், நம் பக்கத்து நாய்க்கு அங்கே ஒன்றுவிட்ட சொந்தம் என்றேன். என் இலையில் ரசம் ஆறிப்போயிருந்தது. அத்தை பாயசக் கப்பைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாக ஒரு முறை பார்த்தார்.

"உயிரோட இருக்கிற மனுசனுக்கே சொந்தக்காரன் எவன்னு தெரிய மாட்டேங்குது, நீ செத்த நாய்க்குச் சொந்தம் தேடிக்கிட்டு இருக்கியா லா?"

படி ஏறி வந்த வாடிக்கையாளர்

எங்கள் பெயர்ப்பலகையில் அழகாக ஒரு நாய்ப் படம் உண்டு. அது டாக்டர் யோங்கின் ஆசை. ஆனால் உயிருள்ள நாய் எங்கள் மாடிக்கு வரவே கூடாது. காரணம் எளிமையானது. மண்ணுக்குள் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த எலும்பில் டிஎன்ஏ துளித்துளியாக, நைந்துபோய்த்தான் இருக்கும். உயிருள்ள நாய் ஒரு தரம் உடம்பை உதறினால் போதும், அதன் முடியும் எச்சிலும் பழைய நாயை அமுக்கிவிடும். நான் வீட்டில் பிஸ்கட் என்று ஒரு நாய் வளர்க்கிறேன். அந்தக் குற்றத்துக்காகவே தினமும் வேலைக்கு வந்ததும் மறுபடி குளித்து, உள்ளாடை முதற்கொண்டு மாற்றிக்கொண்டுதான் உள்ளே போவேன்.

ஒருநாள் ஒரு சீனப் பெரியவர், கையில் பஞ்சு மூட்டை மாதிரி ஒரு பொமரேனியனோடு நேராகப் படியேறி வந்துவிட்டார். விற்றவன் அசல் சாதி என்று சொல்லி விற்றானாம், உண்மையா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். கண்ணாடிக் கதவு வழியே அதைப் பார்த்த என் சக ஊழியர் ஃபரிதா, "அலமாக்!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள். டாக்டர் யோங் சாமான் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். நான் தரை துடைக்கிற கட்டையை முன்னால் நீட்டிக்கொண்டு, "அங்கேயே நில்லுங்க அங்கிள், அங்கேயே நில்லுங்க" என்று கெஞ்சினேன். அன்றைக்கு முழுக்க ப்ளீச் போட்டுக் கழுவினோம். பெரியவர் போகும்போது படியிலிருந்து திரும்பிப் பார்த்து மலாயில் கேட்டார்:

"போர்டுல நாய் படம் போட்டிருக்கீங்க, நாய் வந்தா ஏன் புலி வந்த மாதிரி ஓடுறீங்க?"

பார்சல்

போன வருடம் பசிபிக்கில் ஒரு சிறு தீவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. தீவின் பெயரை எங்கேயும் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் நானும் சொல்லவில்லை. அனுப்பியவர்கள் நேர்மையானவர்கள். பெட்டியின் மேல் என்ன சாமான் என்று எழுதுகிற இடத்தில் 'நாய்' என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

செனாய் விமான நிலையச் சரக்குப் பிரிவுக்குப் பார்சலை எடுக்கப் போனேன். முகப்பில் இருந்தது நம் தமிழ்ப் பெண், வேலைக்குப் புதிது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள். தடுப்பூசி போட்ட அத்தாட்சி இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். இது தடுப்பூசி கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே செத்துப்போன நாய்ம்மா, உள்ளே எலும்புதான் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இதோ என்று காட்டினேன். அவள் பாதியைத்தான் காதில் வாங்கினாள். முகம் வாடிப்போய், பெட்டியை இரண்டு கையாலும் மெதுவாக என்னிடம் நீட்டினாள்.

"அடடா, செத்துப்போச்சா? எத்தனை வருசம் வளர்த்தீங்க அக்கா?"

ஒரு கேள்வி

பெட்டிக்குள் ஓலையால் பின்னின ஒரு பை. அதற்குள் ஒரு நாயின் கீழ்த்தாடைத் துண்டு, அதில் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு கடைவாய்ப் பல். அனுப்பியவர் தியாரே, அந்தத் தீவுப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. வீடியோ அழைப்பில் வந்து நிபந்தனைகளைச் சொன்னார். பல்லின் வேரிலிருந்து மட்டும்தான் தூள் எடுக்கலாம். தாடையில் கை வைக்கக் கூடாது, அப்படியே திரும்பி வர வேண்டும். பையைத் திறப்பதற்கு முன்னால் அந்த நாயிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். டாக்டர் யோங் மாண்டரினில் ஏதோ மரியாதையாகச் சொன்னார். ஃபரிதா சற்றுத் தள்ளி நின்று சலாம் சொன்னாள். நான் வாய்க்கு வந்தபடி, "வாப்பா, பசியாறிட்டியா?" என்று கேட்டுவைத்தேன்.

ஊர்ப் பொதுக்கூடத்துக்கு அடித்தளம் தோண்டும்போது, ஒரு பழைய வீட்டின் கல்தரைக்குக் கீழே இந்தத் தாடை கிடைத்திருக்கிறது. குழியில் வெள்ளைக்காரக் கப்பல்கள் வந்த காலத்துக் கண்ணாடிப் பாட்டில் துண்டுகளும் கலந்து கிடந்ததால் எது எந்தக் காலம் என்று பிரிக்க முடியவில்லை. கார்பன் வைத்து வயது பார்க்கலாம், அதற்கு இன்னும் எலும்பைப் பொடியாக்க வேண்டும், ஊர் ஒப்பவில்லை. அப்படி என்ன அவசரம் என்றால், அந்தத் தீவில் குடியேறிய கதையைச் சொல்லும் ஒரு பாட்டு இருக்கிறது. தியாரேயின் தாய்மாமன் குடும்பம்தான் அதை வழிவழியாகப் பாடுவது. அதில் முதல் தோணியின் முகப்பில் ஒரு நாய் உட்கார்ந்து வருகிறது. தியாரே அதை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார். புதிதாக வந்த கல்வி அதிகாரி, வெள்ளைக்காரன் கப்பல் வருவதற்கு முன் இந்தத் தீவில் நாயே கிடையாது என்று படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், அந்த வரி பின்னால் சேர்த்த கட்டுக்கதை, பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பள்ளித் தவணை திறப்பதற்குள் பதில் வேண்டும். தியாரே திரையில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பேசினார். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"அந்தப் பல்லுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. நாங்க இத்தனை காலமா பொய்யையா பாடிக்கிட்டு இருக்கோம்?"

உஸ்தாதின் சந்தேகம்

ஃபரிதா மார்க்கத்தில் பிடிப்புள்ள பெண். நாயை, அதுவும் ஈரத்தோடு தொட்டுவிட்டால், மண் கலந்த நீரில் முறைப்படி கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த எலும்பெல்லாம் எப்படி என்று அவளுக்கே குழப்பம். வீட்டுப் பக்கத்துப் பள்ளிவாசல் உஸ்தாதிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனாள். கூடாது என்று பதில் வந்தால் ஒரு நல்ல கைகாரியை இழந்துவிடுவோமே என்று எனக்கும் டாக்டர் யோங்குக்கும் கவலை.

மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தாள். கையுறை போட்டுக்கொள், வேலை முடிந்ததும் சுத்தம் செய்துகொள், படிப்புக்கான வேலைதானே என்று உஸ்தாத் அதைச் சட்டென்று முடித்துவிட்டாராம். அப்புறம் அவளை விடவே இல்லையாம். அந்த நாய்கள் என்ன தின்றன என்று கேட்டிருக்கிறார். மீன், தேங்காய், கிழங்கு என்றிருக்கிறாள். தோணியில் அத்தனை நாள் அது எப்படித் தண்ணீர் குடித்தது, காவலுக்கா கறிக்கா எதற்குக் கொண்டுபோனார்கள் என்று தொடர்ந்து கேள்வி. பழைய காலத்தில் அங்கே போன பயணிகள், அந்த நாய்கள் குரைப்பதே அபூர்வம், ஊளைதான் இடும் என்று எழுதிவைத்திருப்பதை இவள் சொல்லப்போக, அவருக்குத் தூக்கமே போய்விட்டது போலிருக்கிறது. காலையில் அவர் அனுப்பிய குரல் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினாள்:

"ஃபரிதா, குரைக்காத நாயை வச்சு அந்த மக்கள் திருடனை எப்படிப் பிடிச்சாங்கன்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லும்மா."

காலிக் குழாய்க்குள் நாய்

எங்கள் வேலையில் ஒரு விதி. எலும்புத் தூள் போட்ட குழாயோடு, ஒன்றுமே போடாத ஒரு குழாயையும் சேர்த்துக் கடைசி வரைக்கும் ஓட்டுவோம். எல்லா மருந்தும் அதற்கும் உண்டு, எலும்பு மட்டும் கிடையாது. முடிவில் அது காலியாகவே இருக்க வேண்டும். அதில் ஏதாவது தென்பட்டால், வெளியிலிருந்து எதுவோ புகுந்துவிட்டது, மொத்த வேலையும் குப்பை. தியாரே அனுப்பிய பல்லின் வேரில் கிடைத்த தூளில் பாதியைப் போட்டு ஓட்டினோம். பல்லில் நாய் தெரிந்தது. கை தட்டப் போனோம். காலிக் குழாயிலும் நாய் தெரிந்தது. மிச்சம் இருந்த தூள் இன்னும் ஒரு முயற்சிக்குத்தான் காணும்.

எல்லார் கண்ணும் என் மேல். நாய் வளர்ப்பது நான் ஒருத்திதானே. டாக்டர் யோங் தயங்கித் தயங்கி, பிஸ்கட்டின் வாயிலிருந்து கொஞ்சம் எச்சில் எடுத்து வரச் சொன்னார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நாள் தவறாமல் குளித்துக் குளித்துத் தோல் உரிந்தவள் நான். அதோடு பயமும் இருந்தது, பிஸ்கட்டாகவே இருந்துவிட்டால் தியாரே முகத்தில் எப்படி விழிப்பேன்? வேறொரு ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். காலிக் குழாயில் இருந்தது பிஸ்கட் வகையே இல்லை, முற்றிலும் வேறு தாய்வழி. டாக்டர் யோங் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மேரி, உன்கிட்ட நான் மன்னிப்பு கேக்குறேன். பிஸ்கட்கிட்டயும் நேர்ல வந்து கேக்கணுமா?"

தூரிகை

சரி, என் நாய் இல்லையென்றால் வேறு எந்த நாய்? அறையில் இருந்த ஒவ்வொரு பொருளையும் துடைத்துச் சோதித்தோம். கையுறை சுத்தம், உடை சுத்தம், மருந்துகள் சுத்தம். துளைப்பதும் குழாய்களைத் திறப்பதும் நடக்கிற பெட்டிக்குள் சிந்தும் எலும்புத் தூசியைக் கூட்டித் தள்ள ஒரு சின்னத் தூரிகை வைத்திருந்தோம். அதில் நாய் இருந்தது. கொஞ்சமாக இல்லை, அந்தத் தூரிகையே நாய்.

நம் ஊரில் தூரிகை வாங்குகிறவர்களுக்கு இது புரியும். மலிவான தூரிகைகள் பலவும் பன்றி முடியில் செய்தவை, கடைக்காரர் அதைத் தனியாகப் பிரித்து வைத்து, எழுதியும் ஒட்டியிருப்பார். ஃபரிதா பிடிக்கிற தூரிகை அதுவாக இருக்கக் கூடாது என்பதில் டாக்டர் யோங் ரொம்பக் கவனம். வழக்கமாக வருகிற நைலான் தூரிகை தீர்ந்துபோன சமயத்தில், கீழே அஞ்சடி நடைபாதையில் இருக்கும் சாமான் கடைக்கு அவரே இறங்கிப் போய், பன்றி முடி இல்லாததாகப் பார்த்து, அதுவும் நல்ல மென்மையாகக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். ப்ளீச் போட்டால் முடி கொட்டிவிடும் என்று அதை டிஎன்ஏவைச் சிதைக்கிற புற ஊதா விளக்கொளியில் மட்டும் காட்டிவிட்டுப் பயன்படுத்தியிருக்கிறோம். அவருக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது. ஃபரிதாவிடம் விஷயத்தைச் சொல்லவே அவர் நடுங்கினார். அவள் கேட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள், கையுறைக்கு மேல் கையுறை போட்ட கைகள், அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நாங்கள் எல்லாருமாகத் தூரிகையை ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்கே போனோம். கடை முதலாளி தவுக்கே மூக்குக் கண்ணாடியை ஏற்றி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆமாம், நாய் முடிதான், எழுதுகிற தூரிகைக்கு அதுவும் உண்டு என்றார். முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று டாக்டர் யோங் கத்தினார். தவுக்கே அசரவே இல்லை.

"பன்றியா இல்லையான்னுதான் கேட்டீங்க. நாயான்னு கேக்கலையே!"

தியாரே வந்தார்

அறையைப் புதிதாகக் கழுவி, புது நைலான் தூரிகை வைத்து, மிச்சத் தூளைப் போட்டோம். நான் மனசுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வேலை பார்த்தேன், ஃபரிதாவும் உதட்டை அசைத்துக்கொண்டுதான் இருந்தாள். இந்த முறை காலிக் குழாய் காலியாக இருந்தது. பல் பேசியது.

தாடையைப் பார்சலில் அனுப்ப ஊருக்கு மனமில்லை, அதனால் தியாரேயே எடுத்துப்போக வந்தார். சிங்கப்பூரில் இறங்கி, ஜொகூர் வருகிற பாலத்து நெரிசலில் மாட்டி, தூங்காத கண்ணோடு எங்கள் படியேறி வந்தார். முதலில் உட்காருங்கள், தே தாரிக் குடியுங்கள் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை, நின்றபடியே கேட்டார். டாக்டர் யோங் சொன்னார்: இது கப்பலில் வந்த ஐரோப்பிய நாய்களின் தாய்வழி இல்லை. மற்றத் தீவுகளின் பழைய நாய்களோடு சேர்ந்த வழி, தோணியில் வந்தவர்களோடு வந்த வழி. பாட்டைப் பற்றிப் பல் எதுவும் சொல்லாது, ஆனால் அந்த வரியைப் பொய் என்று இனி யாரும் சொல்ல முடியாது. தியாரே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓலைப் பையை மடியில் வைத்தபடி, தாழ்ந்த குரலில் வேறொன்று கேட்டார். எலும்பில் கத்திக் கீறல் இருக்கிறதா என்று. பூதக்கண்ணாடியில் பார்த்தபோதே தெரிந்ததுதான், தாடையின் உள்பக்கம், சதையைப் பிரிக்கும்போது விழுகிற மெல்லிய கோடுகள். அவர் கேட்ட கேள்வி அதுவல்ல என்பதால் சொல்லாமல் இருந்தோம். ஃபரிதாதான், "இருக்கு" என்றாள். தியாரே ஓலைப் பையின் வாயை இறுக்கிக் கட்டினார். கீழே டயர் கடையில் யாரோ சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார்கள். பிறகு சொன்னார்: பாட்டு தோணியோடு முடியவில்லை. வந்து இறங்கிய முதல் பருவத்தில் நட்ட கிழங்கு விளையவில்லை, கடலும் கொடுக்கவில்லை, பிள்ளைகள் பசியில் கிடந்தன. தோணி முகப்பில் வந்த அந்த நாயைக் கொன்று தின்றார்கள். தின்றவர்கள் அழுதுகொண்டே அதன் தாடையை வீட்டுத் தரைக்கு அடியில் வைத்தார்கள், வீட்டை விட்டு அது போய்விடக் கூடாது என்று. அந்த வரியை மாமன் வீட்டுக்குள் மட்டும்தான் பாடுவாராம். பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று தியாரே வகுப்பில் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை, அதிகாரிக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைப் போடும்போது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"கொண்டு வந்தது நிஜம்னா தின்னதும் நிஜம். இனிமே முழுப் பாட்டையும் சொல்லிக்குடுத்துத்தான் ஆகணும்."

எங்கள் தொழிலில் வசதியும் தொல்லையும் ஒன்றேதான்: எலும்பிடம் ஒரு கேள்வி கேட்டால், நாம் கேட்கப் பயந்த கேள்விக்கும் சேர்த்தே அது பதில் சொல்லிவிடுகிறது.